அக்கம்பக்கத்தாரின் சாட்சி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நாற்பது நாள் கறி, மீன் கிடையாது. லெந்து காலம் என்றும் சொல்வார்கள். ஆனால், நாலாம் நூற்றாண்டு ஜெருசலேமில் அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. அது பரீட்சைக் காலம்!

இதைச் சொல்பவர் எகேரியா என்ற பெண்மணி. 380-களில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து யாத்திரை போனவர், பார்த்ததையெல்லாம் ஊரிலிருந்த தன் 'சகோதரிகளுக்கு' எழுதினார். முன்பக்கமும் பின்பக்கமும் காணாமல்போன அதன் பிரதி, 1884-ல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கிடைத்தது. அம்மணி கணக்கிலும் கெட்டி. ஜெருசலேமில் சனி, ஞாயிறு விரதம் இல்லை. அதனால் எட்டு வாரம். எட்டைந்து நாற்பது, ஈஸ்டருக்கு முதல்நாள் சனிக்கிழமையும் விரதம் என்பதால் மொத்தம் 41 நாள் என்று எழுதி வைத்திருக்கிறார். பி.காம். படித்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்!

சரி, எதற்குப் பரீட்சை? 313-ல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, அரசாங்கத்தின் செல்லப்பிள்ளையாகிவிட்டது அந்த மதம். கூட்டம் சேர்ந்தது. ஜெருசலேம் பிஷப் சிரில் ஒன்றும் அசடு இல்லை. ஒரு பெண்ணின் மனதைப் பிடிக்க, எஜமானரைத் திருப்திப்படுத்த, நண்பனுக்காக... இப்படியெல்லாம் ஞானஸ்நானம் கேட்டு வருவார்கள் என்பதைத் தன் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். அதற்காக விரட்டவும் இல்லை. எதற்காக வந்திருந்தாலும் சரி, வந்தது வந்தாய், திருந்திவிடு என்றார்!

எகேரியா பார்த்த காட்சி இதுதான். தவக்காலத் தொடக்கத்தில், கொல்கொதா அருகே கான்ஸ்டன்டைன் கட்டிய பெரிய கோயிலின் நடுவில் பிஷப்புக்கு நாற்காலி. ஆண்கள் ஞானத்தந்தையோடும் பெண்கள் ஞானத்தாயோடும் ஒவ்வொருவராக வருகிறார்கள். பிஷப் கேள்வி கேட்பது வந்தவரிடம் அல்ல, அக்கம்பக்கத்தாரிடம்! 'இவர் ஒழுங்கானவரா? பெற்றோரை மதிக்கிறாரா? குடிகாரரா, பொய் பேசுவாரா?' எல்லாம் சரி என்றால், பிஷப்பே தன் கையால் பெயரை எழுதிக்கொள்கிறார். குறை இருந்தால், 'போய்த் திருந்திவிட்டு வா' என்று அனுப்பிவிடுகிறார். தெருவில் சண்டை போட்டுக்கொண்டவனே சாட்சியாக வந்து நின்றால் என்ன கதி, யோசித்துப் பாருங்கள்! வெளியூர்க்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். தெரிந்தவர் இல்லாவிட்டால் சுலபத்தில் இடம் கிடைக்காது.

பெயர் ஏறியவர்களுக்குத் தினமும் காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு. ஆதியாகமத்திலிருந்து தொடங்கி வேதம் முழுக்க விளக்கம். ஞானப் பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும். பிஷப் பேசுவது கிரேக்கத்தில். சிரியாக் மொழிக்காரர்களுக்கு ஒரு குருவானவர் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார். இரண்டும் தெரியாத லத்தீன்காரர்களுக்கு, பல மொழி தெரிந்தவர்கள் கை கொடுப்பார்கள்.

பின்னாளில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் என்பது பொது வழக்கமானதும் இந்தப் பரீட்சை மெல்ல மறைந்தது; விரதம் மட்டும் தங்கியது. பெரியவர்களுக்கான படிப்படியான தயாரிப்பை, 1972-ல்தான் கத்தோலிக்கத் திருச்சபை புதிய சடங்குமுறையாக மறுபடி வெளியிட்டது.

ஈஸ்டர் இரவைப் பற்றி எகேரியா அதிகம் எழுதவில்லை, நம்மூர் மாதிரியேதான் என்று தாண்டிப் போகிறார். அதற்கடுத்த வாரம்தான் அவருக்கு முக்கியம். கதவுகளைச் சாத்திக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஞானஸ்நானத்தின் ரகசியங்களை பிஷப் விளக்குகிறார். இன்னும் பெயர் ஏறாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனால், உள்ளே இருப்பவர்கள் எழுப்பும் ஆரவாரம் கோயிலுக்கு வெளியிலும் நன்றாகக் கேட்குமாம்.