ஒரே நேரத்தில் பேசினால்

கணினி வரலாற்றில் எனக்குப் பிடித்த ஊர் ஹவாய். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலி அலையால் இணைத்து ‘அலோஹாநெட்’ என்ற வலையமைப்பை ஓடவிட்டார்கள். தூரத்து முனையங்கள் எல்லாம் அனுப்புவதற்கு ஒரே அலைவரிசைதான். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டு செய்தியும் வீண். பதில் வரலையா, ஏதோ ஒரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. இதுதான் விதி. கூட்டம் கூடினால் மோதலே மேலும் மோதலைப் பெற்றுப்போடும். அலைவரிசையின் கொள்ளளவில் சுமார் 18 விழுக்காட்டுக்கு மேல் தேறாது என்றது கணக்கு.

ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்கால்ஃப், 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டைத் தொடங்கினார். டேவிட் பாக்ஸ் கூட நின்று கட்டினார். அவர்களுடைய முறையில், மோதும் ஒவ்வொரு தடவையும் காத்திருப்பின் எல்லை இரட்டிப்பாகும். பின்னால் வந்த தரநிலையில் ஓர் அலகு 51.2 மைக்ரோ விநாடி. முதல் மோதலுக்குப் பிறகு பூஜ்யமோ ஒன்றோ. அடுத்து 0 முதல் 3 வரை. பிறகு 7 வரை. பத்தாவதோடு வளர்ச்சி நிற்கும், பதினாறு முறையும் தோற்றால் கைவிட்டுவிடும். இதில் என்னைக் கவர்வது, வரிசையில் எத்தனை பேர் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. தன் தோல்வியை எண்ணினாலே போதும்.

கேமரன் மலைக்கு வருவோம். 1929-இல் ரஸ்ஸல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்துக் கொழுந்துக் கூடை இல்லை இப்போது. நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் தராசே எடையை அலுவலகக் கணினிக்கு அனுப்புகிறது. மழை இறங்கினால் சிக்னல் போய்விடும். வந்ததும் எல்லாத் தராசும் ஐந்து விநாடிக்கு ஒருதரம் சேர்ந்தே தட்டும், கணினி படுத்துவிடும். விற்றவர்கள் எழுதிய நிரல் அப்படி. எடை போகவில்லை என்றால் பெரியக்கா ஒருத்தியின் கூலி போச்சு!

பைத்தானில் நான்கைந்து வரிகள்தான். இரண்டு விநாடியில் தொடங்கி 4, 8, 16, 32. அதற்கு மேல் 60-இல் நிறுத்தினேன். இரட்டிப்பு மட்டும் போதாது, எல்லாத் தராசும் ஒரே தாளத்தில்தான் காத்திருக்கும். அதனால் பூஜ்யத்துக்கும் அந்த எல்லைக்கும் நடுவே சீட்டுக் குலுக்குவதுபோல் ஓர் எண். கைவிடுதல் மட்டும் வைக்கவில்லை. கூலி விஷயத்தில் ஈதர்நெட்டின் பதினாறு எனக்கு உதவாது. ஒவ்வொரு எடைக்கும் தனி எண் உண்டு, மறுபடி போனாலும் இரண்டு தடவை ஏறாது.

கிராணி இன்னமும் நோட்டில் ஒரு பிரதி எழுதுகிறார். எழுதட்டும்.