காணிக்கை மாதா குடிசையும் கோதிக் கோபுரமும்

ஊர்விட்டு ஊர் சென்றோர் தமக்கோர் இல்லம் அமைத்ததும், தெய்வத்திற்கோர் இடம் தேடுவர். இத்தமிழ் மரபு சமய வேறுபாடுகளைக் கடந்தது. பெங்களூர்ச் சிவாஜிநகரில் விளங்கும் புனித மரியன்னைப் பேராலயம் இதற்குச் சான்று பகரும்.

பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சிப் பகுதியினின்று குடியேறிய தமிழ்க் கிறித்தவர்கள், இங்குக் கூரை வேய்ந்த சிறு கோயிலொன்றை அமைத்துக் 'காணிக்கை மாதா கோயில்' என வழங்கினர் என்பர். அவர்கள் விளைத்த வெள்ளரிசியால் ஊர் 'பிளி அக்கி பள்ளி' எனப் பெயர் பெற்று, ஆங்கிலேயர் நாவில் 'பிளாக்பள்ளி' எனத் திரிந்தது என்றும் கூறுவர். வெண்மை சுட்டிய பெயர் கருமை சுட்டுவதாய் மாறியது காலத்தின் விந்தையே!

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர்ப் பகுதிக்கு வந்த பிரெஞ்சுக் குரு துபுவா அடிகளார், அக்குடிசையைச் சிற்றாலயமாக்கினார். 1809-இல் படைமுகாம் பெங்களூருக்கு மாறியதும், சென்னை மாகாணப் படையினரோடு தமிழ்க் குடிகளும் பெருகின. 1832-இல் நிகழ்ந்த கலவரத்தில் ஆலயம் தாக்குண்டது. எனினும் வழிபாடு நின்றுவிடவில்லை. கிளைனர் அடிகளார் 1875-இல் தொடங்கிய இன்றைய ஆலயம், 1882 செப்டம்பர் 8-ஆம் நாள், மாதாவின் பிறந்தநாளன்று அர்ச்சிக்கப்பட்டது.

இதன் அமைப்பு கோதிக் பாணியைச் சார்ந்தது. அரைவட்ட வளைவு தன் சுமையைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். கூர்முனை வளைவோ அதனைப் பெரிதும் கீழ்நோக்கிச் செலுத்தும். ஆதலின் சுவர்களை உயர்த்தவும், அவற்றில் நெடிய சாளரங்கள் அமைக்கவும் இயலும். அச்சாளரங்களின் வண்ணக் கண்ணாடிகள் இரண்டாம் உலகப்போரின்போது பாதுகாப்புக் கருதிக் கழற்றப்பட்டு, 1947-இல் மீண்டும் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ 160 அடி உயரக் கோபுரம் காண்போர் கண்ணை வானோக்கி ஈர்க்கும். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்வாலயத்திற்குப் பேராலயத் தகுதி வழங்கினார்.

கோபுரத்தை மட்டும் காணும் நம் இளையோர், இதனை வெள்ளையர் தந்த கோயில் என்றே எண்ணக்கூடும். சற்றே உள்ளே சென்று நோக்கின், அன்னை சேலையுடுத்தி நிற்பதைக் காணலாம். கன்னடத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் வழிபாடு நிகழ்வதைக் கேட்கலாம். செப்டம்பர்த் திருவிழாவில் காவியுடை அணிந்தோர் திரள, அன்னையின் தேர் வீதியுலா வருகிறது.

கூரை கல்லாயிற்று, குடிசை கோபுரமாயிற்று. முதற்கூரை வேய்ந்தோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்தம் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல், அயலூரில் வாழும் நமக்குரிய கடமையாகும்.