வேட்டை முனையும் பயிற்சி முனையும்

ஸஹீஹுல் புகாரியில் அறுப்பையும் வேட்டையையும் பற்றிய பாகத்தை மாணவர்க்கு ஓதிக் கொடுக்கும்போது, 'மிஃராள்' என்னும் சொல்லில் நாம் சற்றுத் தாமதிப்பது வழக்கம். இறகு கட்டாத அம்பு என்றும், முனையில் சில வேளை இரும்பு பொருத்திய கனத்த கோல் என்றும் உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் கூறியுள்ளனர். தைய்யு கோத்திரத்துக் கொடைவள்ளல் ஹாத்திமின் மைந்தரான அதீ (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். இக்கோலால் வீழ்த்திய பிராணியை உண்ணலாமா என அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். கூரிய முனை பட்டுத் துளைத்ததாயின் உண்ணலாம். பக்கவாட்டில் பட்டு அந்த அடியால் இறந்ததாயின் உண்ணலாகாது என்பது அண்ணலார் அருளிய விடையின் கருத்து. அடிபட்டுச் செத்ததைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவின் மூன்றாம் வசனமும் விலக்கியுள்ளது.

மதுரையிலிருந்து கொண்டு இதனை விளக்குவோர்க்கு அரபு நாட்டு உவமை தேவையில்லை. நம் மண்ணிலேயே வளரி என்றோர் எறிகருவி இருந்தது. பிறைபோல் வளைந்து, கைப்பிடிக்கும் பக்கம் மெலிந்தும் மறுபக்கம் கனத்தும் அமைந்தது அது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் மேட்டுக் காடுகளில் முயலையும் பிற சிறு விலங்குகளையும் அதனை எறிந்தே வீழ்த்தினர். வேட்டைக்கு மரத்தால் ஆனது போதும். இரும்பாலும் தந்தத்தாலும் செய்யப்பட்டவையும் உண்டு. கும்பினிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1795இல் சின்ன மருதுவிடம் இதனை எறியக் கற்றார். பழகிய கையில் நூறு கஜத்துக்கு உட்பட்ட எந்தத் தொலைவிலும் இது குறி தவறாது என்று 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதியுள்ளார். 1801இல் மருதிருவரை எதிர்த்துச் சென்ற படையிலும் அதே வெல்ஷ் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் ஆசானைத் தூக்கிலிட்டனர். டிசம்பரில் வெளியான பிரகடனம் தென்சீமை மக்கள் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது.

மார்க்கச் சட்டத்தின் நோக்கில் வளரியின் வீச்சு மிஃராளின் பக்கவாட்டு அடியை ஒத்தது. வளரி பட்டு வீழ்ந்த முயலை உயிர் பிரியுமுன் எடுத்து முறைப்படி அறுத்தாலன்றி அது முஸ்லிமுக்கு ஆகாது. வேட்டையில் முனைக்கு இத்தனை மதிப்பு இருப்பதன் காரணம் இதுவே.

இனி வில்லுக்கு வருவோம். அம்பின் முனை எய்யும் நோக்கத்துக்கு ஏற்ப வேறுபடும். பயிற்சிக்கு உரிய முனை குறுகியது, உருண்டது. வைக்கோல் திரையிலோ மண்மேட்டிலோ பாய்ந்து நின்று, இழுத்தால் எளிதில் வந்துவிடும், இலக்கைக் கிழிப்பதில்லை. வேட்டைக்கு உரியதோ இலைபோல் அகன்று, இருபுறமும் அலகு தீட்டப்பட்டது. அகன்ற காயத்தில் குருதி விரைந்து வெளியேறுவதால் விலங்கு நெடுநேரம் துன்புறாது வீழும். அடிக்கடி மண்ணில் எய்தால் அந்த அலகு மழுங்கிப் போகும். ஆகவே வில்லாளி ஆண்டு முழுவதும் பயிற்சி முனையிலேயே பழகுகிறான்.

இங்குதான் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அம்பை நேரே செலுத்துவது அதன் வாலில் கட்டிய இறகு. முன்னே அகன்ற அலகு வந்துவிட்டால் அதுவும் காற்றைப் பிடிக்கும். தலை ஒரு பக்கம் இழுக்க, வால் அதனைத் திருத்த முயலும். நாணை விடும் கை சிறிதே தடுமாறினாலும் பயிற்சி முனை அக்குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்; வேட்டை முனை அதனைப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டும் ஒரே எடையாயினும் ஒரே இடத்தில் சென்று தைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே வேட்டைக் காலம் தொடங்குமுன், வேட்டையில் பூட்டப்போகும் முனையையே பூட்டி, உயிரற்ற இலக்கில் எய்து பார்த்துக்கொள்வது விவரமறிந்த வில்லாளியின் வழக்கம். பிறகு அலகை மீண்டும் தீட்டிக்கொள்வான். மம்லூக் ஆட்சிக் காலத்தில், 1368ஐ ஒட்டி, தைபுகா என்பார் 'குன்யத்துத் துல்லாப்' என்னும் வில்வித்தை நூலை இயற்றினார். இக்கலை ஆசிரியரிடம் அமர்ந்து முறையாகப் பயில வேண்டிய ஓர் இல்மாகவே அந்நாளில் போற்றப்பட்டது.

உயிரற்ற இலக்கு என்றோம். அச்சொல்லை எளிதாகக் கடந்துவிடலாகாது. குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து எய்து பழகினர். குறி தவறும் அம்புகள் பறவைக்கு உரியவனுக்குச் சேரும் என்பது அவர்களின் ஒப்பந்தம். அவ்வழியே வந்த இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளதை எடுத்துக் கூறிக் கண்டித்தார்கள். அம்பெய்தலைக் கற்கத் தூண்டிய அதே மார்க்கந்தான் கற்கும் இடத்துக்கும் எல்லை வகுத்தது.

இவ்வெல்லையை மதுரை வரலாற்றோடு வைத்துப் பார்ப்பது நமக்குக் கசப்பானது. ஆயினும் பார்த்தல் வேண்டும். பயணி இப்னு பதூதா முல்தானில் வில்வீரர்களைப் படையில் சேர்க்கும் முறையைக் கண்டு எழுதினார். குதிரை வில்லாளி பாய்ந்து வரும் குதிரைமீதிருந்து தரையில் கிடக்கும் பந்தை எய்ய வேண்டும்; அவன் குறியின் திறத்துக்கேற்பச் சம்பளம். இலக்கு வெறும் பந்து. பத்தாண்டுகள் கழிந்து, 14ஆம் நூற்றாண்டின் நாற்பதுகளில், அவர் மஅபர் நாட்டை ஆண்ட மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியிடம் வந்தார். சுல்தான் அவருக்குச் சகலர். அங்கே கைதிகளின் மனைவியரும் பிள்ளைகளும் கொல்லப்படுவதைக் கண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறெந்த மன்னரிடமும் தாம் அறிந்திராத இழிசெயல் என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவாக்கினான் என்றும் எழுதி வைத்தார். உறவு அவருடைய எழுதுகோலைத் தடுக்கவில்லை. படைபலம் மிக்கவர் எல்லை மறந்தால் எதிரில் நிற்கும் உயிரெல்லாம் இலக்காகிவிடும் என்பதற்கு நம் ஊரே சாட்சியாயிற்று.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை பழங்கதையாகிவிட்டது. நாகமலையின் அடிவாரத்தில் யாரும் அம்பு பூட்டி நிற்கப் போவதில்லை. அவ்வாறாயின் வேட்டையின் பாகத்தை இன்னும் ஏன் ஓதுகிறீர்கள் என்று மாணவர் கேட்பதுண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது விடை தெரியும் என்போம்.

ஆண்டுக்கொரு முறை நம் வீடுகளில் பலர் தம் கையாலேயே குர்பானி கொடுக்க விரும்புகின்றனர்; அது சுன்னத்தும் ஆகும். ஆனால் கத்தி, காய்கறி நறுக்கும் கத்தியாக இருக்கிறது. கையோ முன்பின் பழகாதது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒருமுறை இழுத்து, அறுபடாமல் மறுமுறை இழுக்கும்போது அந்த ஆடு படும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம். எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த நபிமொழி முஸ்லிம் நூலில் உள்ளது.

வேட்டை முனையைப் பருவத்துக்கு முன் எய்து பார்த்த வில்லாளி செய்ததும் இதனையே. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கத்தியைச் சாணை பிடித்து வையுங்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பினால் பழகிய கையருகே நிறுத்திப் பலமுறை பார்க்கச் செய்யுங்கள். கை நடுங்குமாயின் பழகியவரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு அருகில் நில்லுங்கள். அதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. கத்தியைத் தீட்டுவது ஆட்டின் கண்ணெதிரே வேண்டாம்.