தோட்டா உறைகளின் சாட்சியம்

1860ஆம் ஆண்டின் ஹென்றி துப்பாக்கியில் தோட்டாக் குழாயின் அடிப்புறம் திறந்த பிளவு, தூசி புகும். 1866இல் வின்செஸ்டர் அக்குழாயை மூடிப் பக்கவாட்டில் தோட்டா புகுத்தும் வாயிலை அமைத்தது. சிறு திருத்தம்தான், நெம்புகோல் துப்பாக்கி போருக்கு மேலும் ஏற்றதானது அதனால். அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர் அதன் கட்டையில் பித்தளை ஆணிகள் பதித்துத் தமதாக்கிக்கொண்டதும் உண்டு.

1876இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் வீரர்கள் ஏந்தியவையோ ஒவ்வொரு முறையும் தோட்டா இடவேண்டிய ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்கள். தொலைவுக்கு அவையே வல்லவை. நெருங்கிய சமரில் வேகமே வென்றது. லகோட்டா, செயென் மக்களின் வாய்மொழிச் சாட்சியங்களை வரலாற்றாசிரியர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1983இல் தீ அக்களத்தின் புல்லை எரித்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய அகழாய்வில் ஹென்றி, வின்செஸ்டர் தோட்டா உறைகள் வெளிப்பட்டன. சுடும் ஊசி பதித்த தடங்களைக் கொண்டு, ஒரே துப்பாக்கி களத்தில் இடம்பெயர்ந்த வழியையும் ஆய்வாளர்கள் தொடர்ந்தனர்.