திண்டுக்கல் சிறுமி கொலை வழக்கு: விடுதலைத் தீர்ப்பு வந்ததும் சலூன்கள் மூடப்பட்டது ஏன்? கொலை வழக்கில் 'டீல்' பேச முடியுமா?

2020 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு முழுக்க முடிதிருத்தும் கடைகள் மூடப்பட்டன. சம்பள உயர்வுக்கோ வாடகைப் பிரச்னைக்கோ நடந்த கடையடைப்பு இல்லை அது. திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்புக்கு எதிராக நடந்தது.

ஒரு நாள் கடையடைப்புதானே என்று நினைக்கலாம். கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச் கடைசியில் மூடிய சலூன்கள், கிராமப் பகுதிகளில் மே 19-க்குப் பிறகுதான் திறந்தன. நகரங்களில் அதற்கும் தாமதம். இரண்டு மாத வருமானத்தை இழந்து, அப்போதுதான் மூச்சுவிட ஆரம்பித்திருந்தார்கள். பல ஊர்களில் சலூனுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கடையை மூடினால் அன்றைய கூலி போச்சு. தெரிந்தேதான் மூடினார்கள்.

என்ன வழக்கு அது?

2019 ஏப்ரல் 16. மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் தாலுகாவில் ஒரு கிராமம். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் 12 வயது மகள் வீட்டில் தனியாக இருந்தபோது பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டு, மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. அதே பகுதியைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

2020 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, நீதிமன்றம் அந்த இளைஞரை விடுதலை செய்தது.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸில் தாக்குதலுக்கு ஆளான 19 வயது தலித் பெண் டெல்லி மருத்துவமனையில் உயிரிழந்ததும் இதே செப்டம்பர் 29-ம் தேதிதான். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தத் தீர்ப்பும் வந்தது. 'ஹாத்ரஸுக்குக் குரல் கொடுக்கிறோம், நம்ம திண்டுக்கல்லுக்கு யார் பேசுவாங்க?' என்ற கேள்வி சமூக வலைதளங்களில் ஓடியது. ஊரில் பெரிய செல்வாக்கோ எண்ணிக்கை பலமோ இல்லாத ஒரு சமூகம், தன் கையில் இருந்த ஒரே ஆயுதமான தொழிலை நிறுத்திக் காட்டியது. கடையடைப்போடு பல மாவட்டங்களில் ஆர்ப்பாட்டங்களும் நடந்தன. அவர்கள் கேட்டது இதுதான்: அரசு மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசும் மேல்முறையீட்டுக்குப் போனது.

இடையில் ஒரு விஷயம். அந்த நாட்களில் சிறுமியின் பெயரையும் படத்தையும் ஹேஷ்டேக் போட்டுப் பலரும் பகிர்ந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சட்டப்படி தவறு. போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. குழந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் தடை நீங்காது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம்ம செய்தியிலும் அதனால்தான் பெயர், ஊர் எதுவும் இல்லை. விடுதலை செய்யப்பட்டவரின் பெயரும் இல்லை.

'விடுதலை' என்றால் நிரபராதி என்று அர்த்தமா?

பொதுமக்களின் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். 'அவர் செய்யலைன்னா, அப்போ யார் செய்தது?'

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியே வேறு. 'கொன்றது யார்?' என்று கண்டுபிடித்துச் சொல்வது நீதிபதியின் வேலை இல்லை. 'இந்த நபர்தான் செய்தார் என்று போலீஸ் தரப்பு நிரூபித்துவிட்டதா?' என்பதை மட்டும்தான் அவர் பார்க்கிறார். இல்லை என்றால் விடுதலை. நிஜக் குற்றவாளி யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இருக்காது. மகளை இழந்த வீட்டுக்குத் தேவையான பதிலோ அது ஒன்றுதான்.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளில் இது இன்னும் கடினம். சூழ்நிலை ஆதாரங்களை மட்டும் வைத்துத் தண்டிப்பதற்கு 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 5 நிபந்தனைகளை வகுத்தது. சுருக்கமாகச் சொன்னால், ஆதாரங்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க வாய்ப்பே இல்லை என்ற முடிவுக்கு மட்டுமே அவை கொண்டுபோக வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தான். 'பலமான சந்தேகம்' என்பது ஆதாரத்துக்கு ஈடாகாது.

பின்னாளில் வந்த இன்னொரு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் இது புரியும். 2017-ல் சென்னை புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பை அன்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் 2025 அக்டோபர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நபரை விடுதலை செய்துவிட்டது. முக்கியமான சிசிடிவி பதிவு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை, எதிரிக்கு உரிய சட்ட உதவி நேரத்தில் கிடைக்கவில்லை என்றெல்லாம் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. விசாரணை அதிகாரி தொடக்கத்தில் விட்ட ஓட்டை, எட்டு வருஷம் கழித்து டெல்லியில் வந்து விழுகிறது. தீர்ப்பு நாளில் நாம் நீதிபதியைத் திட்டுகிறோம். வழக்கு பலவீனமானது பெரும்பாலும் முதல் சில நாட்களில், தடயம் சேகரித்த இடத்தில்.

கொலை வழக்கில் 'டீல்' பேச முடியுமா?

இந்த மாதிரி வழக்குகளில் அடிக்கடி வரும் சந்தேகம் இது. ஹாலிவுட் படங்களில் 'குற்றத்தை ஒத்துக்கிட்டா தண்டனையைக் குறைக்கிறோம்' என்று அரசு வழக்கறிஞர் பேரம் பேசுவார். அதற்குப் பெயர் ப்ளீ பார்கெயினிங். இந்தியாவிலும் இது இருக்கிறது, 2006 ஜூலை முதல். இப்போது பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் வருகிறது.

ஆனால் கொலைக்கு இது கிடையாது. 7 ஆண்டு வரை மட்டுமே தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குத்தான் பேரம். பெண்களுக்கு எதிரான குற்றம், குழந்தைக்கு எதிரான குற்றம் என்றால், தண்டனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கும் கிடையாது. திண்டுக்கல் வழக்கில் இந்தத் தடைகள் எல்லாமே பொருந்தும்.

'சரி, ஊர்ப் பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சுக்கலாமே?' அதுவும் செல்லாது. சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கொலை இல்லை. குடும்பமே 'மன்னிச்சிட்டோம்' என்று எழுதிக் கொடுத்தாலும், கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளை அதை வைத்து ரத்து செய்யக் கூடாது என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இருந்தும் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு விநோதம் நடந்தது. சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காக நீதிபதி ஒருவர் ஜாமீன் கொடுத்தார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பெண்ணே சமரசத்தை ஏற்கவில்லை. இன்னொரு வழக்கில், இப்படிப்பட்ட சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றமும் கண்டித்தது. சில வாரங்களில் ஜாமீன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

கொலை வழக்கில் 'டீல்'-க்குக் கிட்டத்தட்ட வரும் ஒரே வழி, அப்ரூவர் ஆவது. உடன் இருந்த ஒருவர் நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டு மன்னிப்புப் பெறுவது. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் கையில். சாத்தான்குளம் தந்தை, மகன் வழக்கு நினைவிருக்கும். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் உயிரிழந்த அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் இன்ஸ்பெக்டர், 2025-ல் அப்ரூவராக மாற மதுரை நீதிமன்றத்தில் மனு போட்டார். சிபிஐ எதிர்த்தது, குடும்பமும் எதிர்த்தது. மனு தள்ளுபடி.

அமெரிக்காவில் ஒரு தாய் மறுத்த டீல்

பேரம் சாதாரணமாக நடக்கும் நாட்டில் என்ன ஆகும்? ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23 அன்று, தெருவில் ஓடிக்கொண்டிருந்த அஹ்மத் ஆர்பெரி என்ற 25 வயது கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் சுட்டுக் கொன்றார். மாநில நீதிமன்றம் 2021 நவம்பரில் மூவரையும் குற்றவாளிகள் என்றது. ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதன் பிறகு, இனவெறிக் குற்றத்துக்காக மத்திய அரசு தனியாக வழக்கு நடத்தியது. அதில் தந்தை, மகன் இருவரோடு அரசு வழக்கறிஞர்கள் ஒரு டீல் போட்டார்கள்: இனவெறியால்தான் செய்தோம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், பதிலுக்கு முதல் 30 ஆண்டுகளை மாநிலச் சிறைக்குப் பதில் மத்திய சிறையில் கழிக்கலாம். கேட்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஆர்பெரியின் தாய் வாண்டா கூப்பர் ஜோன்ஸ் கொதித்துப்போனார். மாநிலச் சிறையைவிட வசதியான இடத்துக்கு அவர்களை அனுப்பக் கூடாது என்று நீதிமன்றத்திலேயே எதிர்த்தார். 2022 ஜனவரி 31 அன்று நீதிபதி அந்த டீலை நிராகரித்தார். விசாரணை நடந்தது. மூன்று வாரம் கழித்து பிப்ரவரி 22-ல் மூவரும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது.

இங்கே ஒரு ரிஸ்க் இருந்தது. டீலை மறுத்தபின் ஜூரி விடுதலை செய்திருந்தால், இனவெறி வழக்கில் அந்தத் தாய்க்குக் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. காரணம், அமெரிக்காவில் ஜூரி விடுதலை செய்துவிட்டால் அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. நம்ம நாட்டில் அப்படி இல்லை. டீல் இல்லை, ஆனால் விடுதலைக்கு எதிராக மேலே போகும் வழி திறந்தே இருக்கிறது.

அப்போ குடும்பத்தால் என்ன செய்ய முடியும்?

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். திண்டுக்கல் மாவட்ட வழக்கு என்றால் அது மதுரைக் கிளைக்குப் போகும்.

அரசு போகாவிட்டால்? பலருக்கும் தெரியாதது இதுதான். 2009 டிசம்பர் 31 முதல், பாதிக்கப்பட்டவரோ அவரது சட்டப்பூர்வ வாரிசோ நேரடியாக மேல்முறையீடு செய்யலாம். இப்போது பி.என்.எஸ்.எஸ் 413-வது பிரிவு. அதற்கு நீதிமன்றத்திடம் தனியாக முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, சட்டத்தைப் பொறுத்தவரை வேடசந்தூர் பக்கத்து ஒரு கூலித் தொழிலாளி அரசின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மதுரைக்குப் போய் வக்கீல் வைத்து, ஆவண நகல் எடுத்து, வாய்தாவுக்கு அலைவது யார் செலவில்? 2020-ல் சலூன்காரர்கள் தெருவுக்கு வந்து அரசையே மேல்முறையீடு செய்யச் சொன்னதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மேல்முறையீடு போட்டால் தீர்ப்பு மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. விடுதலை ஆனவருக்கு, 'நிரபராதி என்ற அனுமானம்' இரட்டிப்பாகிவிடுகிறது என்பது 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே ஆதாரத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால், விசாரணை நீதிமன்றம் பார்த்த விதத்தை உயர் நீதிமன்றம் கலைக்காது.

மேல்முறையீடு எந்தப் பக்கமும் திரும்பலாம். உடுமலை சங்கர் கொலை வழக்கில், பழனியைச் சேர்ந்த கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்கு 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22-ல், அதாவது திண்டுக்கல் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செ்து, மற்ற 5 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அதை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் வேண்டும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது, தாயின் பெயரில் மனு போட்டால் போதும். போக்சோ வழக்கில் எதிரி விடுதலை ஆகிவிட்டாலும் இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றம் பரிந்துரைக்க முடியும். 2020-ம் ஆண்டு போக்சோ விதிகளில் 9-வது விதி அதைச் சொல்கிறது. விசாரணை நடக்கும்போதே, அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தங்கள் தரப்பில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதைத் தீர்ப்பு வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை, சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்.