2.83 என்ற எண்ணும் ஹில்லின் அளவுகோலும்: யுரேனியச் சேர்மங்களின் காந்த ஆய்வு வரலாறு

யுரேனியத்தை ஆராய்ந்தவர்கள் அளப்பதில் பிழை செய்தது குறைவு. அளந்த எண்ணுக்குப் பொருள் கொள்வதில்தான் மீண்டும் மீண்டும் தடுமாறினார்கள். 1789-இல் பெர்லினில் கிளாப்ரோத் உலோகம் என்று அறிவித்த கரும்பொருள் உண்மையில் ஓர் ஆக்சைடு. 1841-இல் பெலிகோ அதைக் கரியோடும் குளோரினோடும் சூடாக்கிக் குளோரைடாக்கினார். அதில் இருந்த குளோரினையும் 'உலோகத்தையும்' கூட்டியபோது நூறு விழுக்காட்டைத் தாண்டியது. 'உலோகத்துக்குள்' ஆக்சிஜன் ஒளிந்திருந்தாலொழிய அது நடவாது. பின்னர் பொட்டாசியத்தால் குளோரைடை ஒடுக்கி உண்மையான உலோகத்தைப் பிரித்தார்.

காந்தம் இந்த வரலாற்றுக்குள் வந்தது தனிம அட்டவணைச் சர்ச்சையின் வழியாக. ஆறு எலக்ட்ரான்களையும் இழந்து ஆறு இணைதிறன் காட்டுவதால் யுரேனியத்தை டங்ஸ்டனுக்குக் கீழே வைத்திருந்தார்கள். 1944-இல் சீபோர்க் ஆக்டினைடு வரிசையை முன்மொழிந்தார். டங்ஸ்டனுக்குக் கீழே என்றால் யுரேனியத்தின் வெளி எலக்ட்ரான்கள் 6டி கூட்டில் இருக்க வேண்டும்; ஆக்டினைடு வரிசை என்றால் 5எஃப் கூட்டில். இவற்றில் எது உண்மை?

நான்கு இணைதிறன் கொண்ட யுரேனிய அயனியில் இரண்டு எலக்ட்ரான்கள் எஞ்சும். அவை 6டி எலக்ட்ரான்களாகவும் சுழற்சி மட்டுமே காந்தத்துக்குக் காரணமாகவும் இருந்தால் காந்தத் திருப்புத்திறன் 2.83 போர் மாக்னெட்டான். கட்டற்ற 5எஃப் அயனியானால் 3.58. இந்த அயனியைக் கொண்ட யுரேனியம் டைஆக்சைடில் அண்டை அயனிகளின் குறுக்கீடு கணக்கைக் குழப்பும். ஆகவே அதே ஃபுளூரைட்டு படிக அமைப்பும், இணையாகாத எலக்ட்ரான் ஏதுமின்மையும் கொண்ட தோரியம் டைஆக்சைடில் அதைக் கரைத்து நீர்த்தார்கள். 1950-ஐ ஒட்டி டிரெபியாடோவ்ஸ்கியும் செல்வுட்டும் இவ்வழியில் அளந்தபோது, நீர்க்க நீர்க்கத் திருப்புத்திறன் 2.83-ஐ நெருங்கியது. 6டி கட்சிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

விடை 1957-இல் வந்தது. ஹட்சிசனும் காண்டெலாவும் அயனியைத் தனியாகக் கருதாமல், அதைக் கனசதுரத்தின் எட்டு மூலைகளில் சூழ்ந்திருக்கும் ஆக்சிஜன்களின் மின்புலத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அந்தப் புலம் 5எஃப் அயனியின் ஒன்பது ஆற்றல் நிலைகளைப் பிரிக்கிறது. அடியில் தங்கும் மூன்று நிலைகள் தரும் திருப்புத்திறனும் 2.83-தான்! இயற்பியலில் இதைவிடக் குறும்பான தற்செயலை நான் அதிகம் கண்டதில்லை. அளவீடு கூறியது 5எஃப்; படித்தவர்களுக்குக் கேட்டது 6டி.

இதற்கிடையே 1952-இல் போலந்தின் விராட்ஸ்வாஃபில் டிரெபியாடோவ்ஸ்கி குழுவினர் யுரேனியம் ஹைட்ரைடு 170 கெல்வினை ஒட்டிய வெப்பநிலையில் ஃபெர்ரோகாந்தமாவதைக் கண்டனர். யுரேனிய உலோகத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அணுக்களுக்கிடையே ஹைட்ரஜன் புகுந்ததும் அவை விலகிக் காந்தமாகின்றன. டைஆக்சைடு, 30.8 கெல்வினில் எதிர்ஃபெர்ரோகாந்தமாகிறது. தூரம்தான் திறவுகோலா?

ஆம் என்றார் இயற்பியலாளர் ஹில். 1970-இல் அவர் வரைந்த படத்தில், யுரேனிய அணுக்களிடையேயான இடைவெளி சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்தால் 5எஃப் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மேற்பொருந்திப் படிகமெங்கும் திரிகின்றன. காந்தம் எழாது, மீகடத்தல் கூடும். இடைவெளி மிகுந்தால் அவை அணுவிலேயே தங்கிக் காந்த ஒழுங்கு பிறக்கும். நேர்த்தியான அளவுகோல்தான். ஆனால் பீட்டா வடிவ ஹைட்ரைடில் இடைவெளி சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே என்பதைப் பார்த்தால், விதிக்கு முன்பே விலக்கு பிறந்துவிட்டது தெரியும்.

பெரிய அடி எதிர்ப்புறத்திலிருந்து விழுந்தது. ஒரு யுரேனியத்துக்குப் பதின்மூன்று பெரிலியம் கொண்ட சேர்மத்தில் யுரேனிய அணுக்கள் 5 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகியிருக்கின்றன. 1975-இல் அதில் மீகடத்தல் தென்பட்டபோது, மாதிரியில் கலந்த யுரேனிய இழைகளின் வேலை என்று ஒதுக்கினார்கள். 1983-இல் ஆட் குழுவினர் அது சேர்மத்தின் சொந்தக் குணமே என்று நிறுவினர். பொருள் கொள்வதில் மீண்டும் எட்டாண்டுகள் போயின. மறு ஆண்டே யுரேனிய-பிளாட்டினச் சேர்மம் ஒன்றும் இந்த வரிசையில் சேர்ந்தது. எலக்ட்ரான்கள் தம் இயல்பான நிறையைப் போல நூறு மடங்குக்கும் மேல் கனத்தவைபோல இச்சேர்மங்களில் நடந்துகொள்கின்றன. அருகில் யுரேனியம் இல்லாவிட்டாலும் பெரிலியம், பிளாட்டினம் ஆகியவற்றின் எலக்ட்ரான்களோடு 5எஃப் கலந்து பிணைகிறது. ஹில் விட்டுவிட்டது இந்த வேதியியலைத்தான். 2000-இல் யுரேனிய-ஜெர்மானியச் சேர்மம், 1 முதல் 1.6 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், ஃபெர்ரோகாந்தமாக இருந்தபடியே மீகடத்தியாகவும் ஆனது. அங்கே இரு குணங்களும் அதே 5எஃப் எலக்ட்ரான்களுக்கே உரியவை.

என் கணிப்பில், ஹில்லின் அளவுகோலை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. அதனால் விடை காண முடியாத புதிர்களும் உண்டு. யுரேனியம், ருத்தேனியம், சிலிக்கான் சேர்ந்த சேர்மம் 17.5 கெல்வினில் ஏதோவோர் ஒழுங்குக்கு மாறுகிறது என்று 1985-இல் அறிவித்தார்கள். அங்கே காணும் நுண்ணிய காந்தத் திருப்புத்திறன் அந்த மாற்றத்தின்போது கிடைத்த வெப்ப அளவீடுகளை விளக்கப் போதவே போதாது. அந்த ஒழுங்கு எது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை.