மருந்து வேலை செய்கிறதா? கோலாலம்பூரில் அரிசியை வைத்து நடந்த ஆய்வு

நூறாண்டுகளுக்கு முன்பு மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஏராளமானோரைப் பலிகொண்ட நோய் பெரி-பெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் செயலிழக்கும். காரணம் கிருமியா, இடமா, உணவா என்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களை இந்நோய் அதிகம் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. ஆனால் இரு தரப்பினரின் வேலை, குடியிருப்பு, பழக்கவழக்கம் எல்லாமே வேறு. அரிசிதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பச்சரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கலரிசி. ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர். இடம் காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றினார். ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரி-பெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது உமிக்கடியில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அதுவே வைட்டமின் பி1 என்பது பின்னர் தெரியவந்தது.

இரு பிரிவையும் ஒப்பிட்டதே இந்த ஆய்வின் பலம். ஆனாலும் ஒரு குறை உண்டு. அடுத்தவர் எந்தப் பிரிவுக்குப் போவார் என்பது முன்கூட்டியே தெரிந்தால், திடமானவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட வாய்ப்புண்டு. அதைத் தடுக்கவே குலுக்கல் முறை வந்தது. 1948இல் வெளியான பிரிட்டனின் காசநோய் மருந்து ஆய்வு அதற்கு முன்னோடி. யாருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. மூடிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது.

இதன் தேவையைக் கோவிட் காலம் நமக்கு உணர்த்தியது. ஐவர்மெக்டின் சாப்பிட்டுக் குணமானதாகப் பலர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தனர். கோவிட் கண்டவர்களில் பெரும்பாலோர் அம்மருந்து இல்லாமலும் குணமாகியிருப்பார்கள். எனவே 2021இல் மலேசியாவின் 20 அரசு மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தும் மையத்திலும், வேறு நோய்களும் உள்ள 50 வயதுக்கு மேற்பட்ட 490 பேரிடம் குலுக்கல் முறையில் ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையுடன் ஐவர்மெக்டினும் பெற்ற 241 பேரில் 52 பேருக்கு நோய் கடுமையானது. அம்மருந்து பெறாத 249 பேரில் 43 பேருக்கு அவ்வாறு ஆனது. நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை என்பது தெளிவானது.

அன்றைய மனநல நோயாளிகளிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம் இல்லை. இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலும் இல்லாமல் இத்தகைய ஆய்வை நடத்த முடியாது. மருத்துவமனையில் உங்கள் பெற்றோரிடம் அந்தப் பாரம் நீட்டப்பட்டால், உடனே கையொப்பமிட வேண்டிய அவசியமில்லை. புரியும் மொழியில் விளக்கம் கேட்கலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சாராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் சில: புதிய மருந்து கிடைக்காத பிரிவில் சேர்ந்தால் என்ன சிகிச்சை தரப்படும்? பக்க விளைவுகள் என்ன? பாதிப்பு ஏற்பட்டால் செலவை யார் ஏற்பார்கள்?

ஆய்வில் சேர மறுக்கலாம். சேர்ந்த பின்பு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படாது.